வெயிலுக்கு ஒதுங்கியவள்

பாலென்சியா நகர அரசுப் பள்ளியின் மாடி வகுப்பறையில் ஜூலை வெயில் ஆளைப் பிழிந்தெடுத்தது. இலக்கிய ஆசிரியர் வேலைக்குத் தேர்வு எழுதியவர்கள், எழுதியதைத் தாங்களே நடுவர்கள் முன் உரக்கப் படிக்க வேண்டிய நாள். ஒட்டிய உறையைக் கண்ணெதிரே கிழித்துத் தாளைக் கொடுப்பார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது.

அம்பாரோ தற்காலிக ஆசிரியையாக ஊர் ஊராகப் பந்தாடப்பட்டவள். இந்த முறையும் தேறாவிட்டால் அக்காவின் மீன்கடையில் போய் நிற்பது என்று முடிவெடுத்திருந்தாள். நிரந்தர வேலை, ஒரே ஊர், சொந்தமாக ஒரு வகுப்பறை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

படிக்க வேண்டிய தலைப்புகள் மலையாய்க் குவிந்து கிடந்ததால் தோழி நீவெஸும் அவளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பழைய காவியம், கதைப்பாடல், நாடகமெல்லாம் அம்பாரோ பங்கு. பிற்கால நாவலும் மற்ற ஐரோப்பிய இலக்கியமும் நீவெஸ் பங்கு. ஒருத்தி எழுதியதை மற்றவளும் மனப்பாடம் செய்வாள். ஒரே ஒரு கட்டளைதான்: உள்ளே இருப்பது பொது, தொடக்கம் மட்டும் அவரவருடையது. ஒரே மாதிரி இரண்டு தாள் வந்தால் இரண்டாவதாகப் படிப்பவள் தலையில்தான் விடியும் என்பது இந்தத் தேர்வு எழுதுகிற எல்லோருக்கும் தெரியும்.

படிப்பெல்லாம் நீவெஸ் வீட்டுச் சமையலறை மேசையில்தான். அவளுடைய அம்மா பெனிதா பருப்பும் பன்றிக்கறியும் வேகவைத்துத் தட்டு நிறையப் போட்டு, "தின்னுங்கடி கழுதைங்களா, வெறும் வயித்துல என்னத்த மண்டையில ஏறும்?" என்று அதட்டுவாள். தாயை இழந்த அம்பாரோவுக்கு அந்த அதட்டல் அமிர்தமாக இருந்தது.

கதைப்பாடல் தலைப்புக்கு அம்பாரோ எழுதிய தொடக்கம் இது: 'ஆஸ்பத்திரியில், கடைசி நாட்களில், என் அம்மாவுக்கு என் பெயரே மறந்துவிட்டது. ஆனால் ஆற்றைக் கடக்க முடியாத மணப்பெண்ணின் பாட்டை ஒரு வரி பிசகாமல் பாடினாள்.' அதை அவள் படித்துக் காட்டியபோது நீவெஸ் விக்கி விக்கி அழுதாள். பெனிதா கைத்துண்டில் மூக்கைச் சிந்தினாள்.

தேர்வன்று எழுத வேண்டிய தலைப்பைத் தேர்ந்தெடுக்கக் குலுக்கிய எண் பந்துகளில் அந்தத் தலைப்பே விழுந்தது. அம்பாரோவுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று முதலில் நீவெஸ். பின்வரிசையில் அம்பாரோவும் பெனிதாவும் அருகருகே. பெனிதா மடியில் உருளைக்கிழங்கு ஆம்லெட் டப்பா, கையில் விசிறி. நீவெஸ் தொண்டையைச் செருமினாள்.

"ஆஸ்பத்திரியில், கடைசி நாட்களில், என் அம்மாவுக்கு என் பெயரே மறந்துவிட்டது..."

விசிறி நின்றுவிட்டது. அடிப்பாவி! குத்துக்கல் மாதிரி இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்ற தாயை அங்கே சாகடித்துக்கொண்டிருக்கிறாளே! நடுவர்களில் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

படித்து முடித்து வந்த நீவெஸை அம்பாரோ நடைவழியில் மடக்கினாள்.

"என்னோடது மறந்து போச்சுடி," என்றாள் நீவெஸ், தரையைப் பார்த்து. "உன்னோடது மட்டும்தான் மனசுல நின்னுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"பாட்டை எடுத்திருந்தா விட்டிருப்பேன். எங்கம்மா சாவையே எடுத்துட்டியேடி!"

அதற்குள் அம்பாரோ பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீவெஸ் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். உறை கிழிந்தது. வேறு வழியில்லை, எழுதியதைத்தான் படிக்க வேண்டும். முதல் வரி முடிவதற்குள் தலைவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்கம்மா. இதைக் கொஞ்சம் முன்னாடிதானே கேட்டோம்?"

"அது என்னோடதுங்க. செத்தது எங்கம்மா."

"அந்தப் பொண்ணும் அதையேதானே சொல்லுது? ஆதாரம் இல்லேன்னா ரெண்டாவதா வந்ததை நகல்னுதான் எழுதணும்."

அம்பாரோ திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். அவளுக்குப் பெரிய நிம்மதி.

"ஆதாரம் அதோ உட்கார்ந்திருக்குங்க. நீவெஸோட அம்மா. கல்லு மாதிரி உயிரோட இருக்காங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. நீவெஸ் மட்டும் திரும்பவில்லை.

"நீங்க அந்தப் பொண்ணோட அம்மாவா?" என்று கேட்டார் தலைவர்.

பெனிதா எழுந்தாள். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முதலில் மகளின் முதுகைப் பார்த்தாள், பிறகு அம்பாரோவின் முகத்தைப் பார்த்தாள்.

"நானா? இல்லீங்கய்யா. வெளியில வெயில் கொளுத்துது, கொஞ்சம் ஒதுங்கலாம்னு வந்தேன். இங்க எனக்கு யாரையும் தெரியாது."

சொல்லிவிட்டு வெளியே போனாள். நடுவர்கள் குனிந்து எதையோ எழுதினார்கள். "மீதியைப் படிங்க," என்றார் தலைவர், சலிப்போடு. அம்பாரோ படித்தாள். மணப்பெண் பாட்டு வந்த இடத்தில் குரல் உடைந்தது. இந்த முறை யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.

பள்ளி வாசலில், மர நிழலில் பெனிதா காத்திருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"பெத்த வயிறும்மா, நான் என்ன செய்வேன்? காலையிலேர்ந்து நீ ஒண்ணும் தின்னலை. ஒரு வாயாவது சாப்பிடு கண்ணு."

அம்பாரோ டப்பாவை மூடி அவள் கையிலேயே வைத்தாள்.

"செத்தவங்க கையால நான் சாப்பிடறதில்லைங்க," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.