இறுக்கிப் பழகியவள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு விசில் டீச்சர் என்று பெயர். விளையாட்டு ஆசிரியை. "வயித்த உள்ள இழு, நெஞ்ச நிமித்து!" என்று அவள் அதட்டினால் வாட்ச்மேன்கூட ஒரு நொடி நிமிர்ந்துகொள்வார். முடியாது என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமாக ஒன்று மட்டும் முடியவில்லை. கணவனோடு சேரும்போதெல்லாம் கத்தியால் கீறியதுபோல வலித்தது.

முதலில் பார்த்த டாக்டர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்றார். பயமா, இவளுக்கா! கோபத்தோடு வீட்டுக்கு வந்து போனில் தேடினாள். இடுப்புக்கு அடியிலுள்ள தசையை இறுக்கி இறுக்கிப் பலப்படுத்து, ஒரு நாளைக்கு முப்பது தடவை போதும் என்றது ஒரு வீடியோ. இவள் முந்நூறு செய்தாள். பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில், காலை அணிவகுப்பில், ஒருவருக்கும் தெரியாமல். நான்கு மாதத்தில் வலி இரட்டிப்பானது.

கணவன் தங்கமானவன், தொல்லையே அதுதான். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததிலிருந்து தோளைக்கூடத் தொடாமல் கட்டில் ஓரத்தில் தொற்றிக்கொண்டு தூங்கினான். ஒருநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான்.

"வேற ஊர்ல ரெண்டு வருஷ வேலைக்குக் கேக்கறாங்க. பதில் சொல்ல ரெண்டு மாசம் டைம் இருக்கு. நான் போனா உனக்கும் நிம்மதியா இருக்கும்."

நிம்மதியாமே! போனால் அந்தத் தூரமே பழகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளே பெண்களுக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியைத் தேடிப் போனாள்.

பிசியோ ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டாள். கையுறை போட்ட ஒற்றை விரலால் பரிசோதித்தபடி, "இறுக்குங்க" என்றாள். டீச்சர் பெருமையோடு இறுக்கினாள்.

"இப்ப விடுங்க."

"விட்டுட்டேனே!"

"இல்லம்மா, இன்னும் பிடிச்சிட்டுத்தான் இருக்கீங்க. பலம் இல்லாம வலிக்கல, ஓய்வே இல்லாம வலிக்குது. இதுல தினம் முந்நூறு வேறயா?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். வயிற்றைத் தளர்த்தி, மூச்சை அடிவரை இறக்கிப் படுக்கச் சொன்னபோது டீச்சர் பதறினாள். "தொப்பையத் தொங்க விடணுமா?"

"ஆமா, ஊரே பாத்தாலும் பரவாயில்ல."

அடுத்து டைலேட்டர் தந்தாள். உள்ளே வைத்துத் தசையைத் தளர்த்திப் பழகுவதற்கான வழவழப்பான நான்கு குச்சிகள், ஒன்றைவிட ஒன்று பருமன், முதலாவது சுண்டுவிரல் அளவு. டீச்சர் ஒரே வாரத்தில் மூன்றாவதுக்குத் தாவி, வலியோடு திரும்பி வந்தாள். "இதுல யாரும் மெடல் குடுக்கறதில்ல" என்று பிசியோ அவளை மறுபடி முதலாவதிலிருந்து தொடங்க வைத்தாள். ஏழாவது வாரம் மூன்றாவது குச்சி வலியே இல்லாமல் போனபோது டீச்சர் குளியலறையில் நின்று தனியாகச் சிரித்தாள்.

"இனி வீட்டுக்காரரோட முயற்சி பண்ணலாம்" என்றாள் பிசியோ. "ஒரே சட்டம். நீங்க நிறுத்துன்னா அவர் நிறுத்தணும். பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். மெதுவாகத்தான் போனார்கள். பாதியில் தசை சட்டென்று இறுகி, சுருக்கென்று வலித்தது. பொறுத்துக்கொள்ளத்தான் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னாள்.

"நிறுத்துங்க."

அவன் அந்த நொடியே விலகினான். முகம் வெளுத்து, எழுந்து சட்டையை எடுத்தான்.

"மன்னிச்சிரு. நாளைக்கு ஆபீஸ்ல அந்த ஊருக்குப் போறேன்னு சொல்லிடறேன்."

"நிறுத்தத்தான் சொன்னேன். போகவா சொன்னேன்?"

ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அவன் நின்றான்.

"முன்ன மாதிரி இல்லைங்க, பாதி வலிதான். மீதியும் போயிடும், என் உடம்பு எனக்குத் தெரியும். ஆனா நிறுத்துங்கன்னு சொல்றதுக்காவது எதிர்ல நீங்க இருக்கணும்ல? அவ்வளவு தூரத்துல இருக்கறவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"பத்து நிமிஷம் சும்மா பக்கத்துல படுங்க. ஓரத்துல இல்ல, இங்க."

அவன் சட்டையைக் கழற்றினான்.