தொட்டி மணலும் லேப் மேடமும்

தம்பிக்கு அழுக்கு என்றாலே ஆகாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு அது நல்ல குணம்தான். கடைக்குள் யார் நுழைந்தாலும், மூக்கிலிருக்கும் கண்ணாடியை உரிமையோடு வாங்கி, மெல்லிய துணியால் துடைத்துத் திரும்பக் கொடுத்த பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பான். வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. பார்த்த இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயிற்று. பிறகு பார்ப்பதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று.

அக்கா அவனைவிட நான்கு வயது மூத்தவள். கணவர் தவறிய மறுவருடம் தம்பியோடு வந்து சேர்ந்தாள். கீழே கடை, மேலே வீடு. கல்லாவும் பேச்சும் அக்காவின் பொறுப்பு. கண் பரிசோதனையும் துடைப்பதும் தம்பியின் பொறுப்பு. கடை நடுவில் இருந்த உப்புத்தண்ணீர் மீன்தொட்டி மட்டும் அக்காவின் ஆசைக்கு வாங்கியது. அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஏழெட்டு நத்தைகள், அப்புறம் நாள் முழுக்க மணலை வாய் நிறைய அள்ளிச் சலித்துத் துப்பிக்கொண்டே இருக்கும் ஒரு வெள்ளை மீன். வாய் ஓய்வதே இல்லை என்பதால் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்தவளுக்குத்தான் அது பொருந்தும் என்று தம்பி சொல்வான்.

ஒரு நாள் காலையில் மணலின் ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. பாசி என்று நினைத்துத் தம்பி சின்னக் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்தான். மத்தியானத்துக்குள் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை சளி மாதிரி, மேலெல்லாம் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகளோடு. மறுநாள் பாதித் தண்ணீரை மாற்றினான். அதற்கடுத்த நாள் மணலை மேலாக வழித்தெடுத்து அலசிப் போட்டான். வடிகட்டியைக் கழுவினான். மீனுக்குப் போடும் தீனியைப் பாதியாகக் குறைத்தான். பத்து நாள் இந்தப் பாடுபட்ட பிறகு மணல் முழுக்கப் பழுப்புப் போர்வை போர்த்தியிருந்தது. நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. வாயாடி மணலில் வாயே வைக்காமல் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொண்டது.

தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டி அக்காவுடையது, கெட்டது தன் கையால் என்பது அவன் மனதை அரித்தது. மீனுக்காகக் கவலைப்படுவதா, இவனுக்காகக் கவலைப்படுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கடைசியில் தொட்டியை விற்றவருக்குப் போன் போட்டாள்.

தொட்டிக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்றார். தினமும் என்று தம்பி போனை வாங்கிப் பெருமையாகச் சொன்னான்.

"சார், நீங்க ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க. அதான் வியாதி" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். தண்ணீரில் கொஞ்சம் அழுக்கு இருந்தால்தான் நல்ல பாசியும் நல்ல கிருமியும் பிழைக்கும். அவை பட்டினி கிடந்து செத்தால், ஒன்றும் இல்லாத இடத்திலும் உயிர் வாழ்கிற இந்தச் சனியன் மணலைப் பிடித்துக்கொள்ளும். இது உண்மையில் பாசிகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர். தன் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். எள்ளு மாதிரி இருந்து, செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றினால் அதுதான்.

இரண்டு கடை தள்ளி ரத்தப் பரிசோதனை நிலையம் இருந்தது. அதை நடத்திய அம்மாவைத் தெருவில் எல்லோரும் லேப் மேடம் என்பார்கள். ஐம்பது வயது, கணவர் இல்லை, மகன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். அளந்து பேசுவார், சிரிப்பதும் அப்படித்தான். தம்பி ஒரு சின்ன பாட்டிலில் மணல் சளியை எடுத்துக்கொண்டு, மாத்திரைச் சீட்டு நீட்டுகிற நோயாளி மாதிரி அவர் முன்னால் போய் நின்றான். அரை மணி நேரம் கழித்து முகம் மலர வந்தான். எள்ளுதான், செக்குமாடுதான். இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்களாம்.

அதற்குப் பிறகு வைத்தியம் தொடங்கியது. தண்ணீர் மாற்றக் கூடாது. மணலைத் தொடக் கூடாது. தீனியை இரண்டு மடங்காக்க வேண்டும். மூன்று நாள் விளக்கை அணைத்து, வெளிச்சம் புகாமல் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். வேறு நல்ல தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலைத் தொட்டிக்காரர் கொண்டுவந்து போட்டார். அது பார்க்க அழுக்காக இருந்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த மூன்று நாளும் அக்காவுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வேலைதான். துணி ஓரத்தைத் தூக்கிப் பார்க்கப் போனவனின் கையில் இரண்டு முறை தட்டினாள். கை சும்மா இருக்க மாட்டாமல், கடையில் இருந்த அத்தனை பிரேம்களையும் இறக்கித் துடைத்து அடுக்கினான். அடுத்த நாள் திரும்பவும் இறக்கினான்.

நான்காம் நாள் துணியை எடுத்தபோது மணல் முக்கால்வாசி வெளுத்திருந்தது. ஓரங்களில் மட்டும் லேசான பழுப்பு. முழுசாகப் போகும்வரை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொட்டிக்காரர் சொன்னார். தம்பி அந்த 'அடிக்கடி'யைத் 'தினமும்' ஆக்கிக்கொண்டான். காலை பத்து மணிக்குப் பாட்டிலோடு புறப்படுவான். வந்து, இன்னும் நாலைந்து இருக்கின்றனவாம் என்பான். மறுநாள், மூன்று இருக்கின்றனவாம்.

ஒரு வாரம் போனது. மணல் பளிச்சென்று இருந்தது. வாயாடி பழையபடி அள்ளித் துப்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் பாட்டில் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு சொட்டுச் சேற்றைக் கொண்டுபோக இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று அக்கா மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய காரியம்.

திங்கட்கிழமை லென்ஸ் பெட்டிகள் வந்து இறங்கியதால் தம்பியால் நகர முடியவில்லை. பத்து மணி தாண்டியதும் வாசலைப் பார்ப்பதும் பாட்டிலைப் பார்ப்பதுமாக இருந்தான். நான் கொண்டுபோகிறேன் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

லேப் மேடம் கதவு திறந்ததும் நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிப் போனது. பிறகு மரியாதையாக உட்காரச் சொன்னார். அக்கா உட்காராமல், தானும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். மறுக்க வழியில்லை. கண்ணாடித் தகட்டில் சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பை நகர்த்திக் கொடுத்தார். அக்கா வெகுநேரம் குனிந்து பார்த்தாள். மணல் துணுக்குகள், பச்சையாக ஏதோ ஒரு இழை. எள்ளையும் காணோம், செக்கையும் காணோம்.

"மேடம், எனக்குக் கண்ணு சரியில்லையா, இல்ல இதுல ஒண்ணுமே இல்லையா?"

லேப் மேடம் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"எப்போலேர்ந்து இல்ல?"

"போன வியாழக்கிழமையிலேர்ந்து."

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். லேப் மேடம் ஜன்னலைப் பார்த்தபடி, சொல்லியிருக்க வேண்டும், தப்புத்தான் என்றார். நாள் முழுக்க ஊசிக்குப் பயந்த முகங்களையே பார்க்கிற வேலை. இவர் ஒருத்தர்தான் சந்தோஷமாக வருகிறார். "வந்ததும் என் கண்ணாடியை வாங்கித் துடைச்சுக் கொடுப்பாரு. அதுக்கப்புறம்தான் பேச்சே. நாளைக்கும் கொண்டாங்கன்னு சொல்லிட்டேன்" என்றபோது அவர் குரல் தணிந்துவிட்டது.

அக்கா அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தாள். வழியெல்லாம் சிரிப்பு வந்தது. கடைக்குள் நுழையும்போது மட்டும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"எத்தனை இருக்காம்?" என்றான் தம்பி, பெட்டியிலிருந்து தலையை எடுக்காமல்.

"ரெண்டு இருக்காம். நாளைக்கும் கொண்டு வரச் சொன்னாங்க."

"பொய் சொல்லாதக்கா. நானும்தானே குனிஞ்சு பார்க்கறேன். போன வாரமே ஒண்ணும் இல்ல."

"தெரிஞ்சுமா தினம் பாட்டிலைத் தூக்கிட்டுப் போனே?"

"அவங்க கொண்டு வரச் சொன்னாங்களே" என்றான் தம்பி. காது மடல் சிவந்திருந்தது.

அக்கா கல்லாவில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவனும் முதலில் முறைத்துவிட்டு, பிறகு தாங்க முடியாமல் சிரித்தான். கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாளைக்குப் பாட்டில் வேண்டாம், வெறுங்கையோடு போ என்றாள் அக்கா. போய் என்ன சொல்வது என்று கேட்டான். தொட்டி தேறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாள். மேலே பேச்சு வராவிட்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிரு என்றும் சேர்த்துச் சொன்னாள்.

ஞாயிறு காலை தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் கட்டைவிரல் அளவுக்குப் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது. அது நல்ல பாசி, இருக்கட்டும் என்று தொட்டிக்காரர் சொல்லியிருந்தார். விருந்தாளி வருகிற நாளில் எப்படி விடுவது என்று தம்பி தவித்தான். அக்கா சுரண்டியையும் குழாயையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பாசி அப்படியே இருந்தது. லேப் மேடம் வந்து, தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்தப் பச்சைதான் முதலில் கண்ணில் படுகிறது, அழகாக இருக்கிறது என்றார். தம்பி ஆமாம் என்று தலையாட்டினான்.

ஆறு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் அக்காதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கடை மூடியிருந்தது. மீன்களுக்குக் காலையிலேயே இரண்டு வேளைத் தீனியைப் போட்டுவிட்டுத்தான் மூவரும் கிளம்பினார்கள்.