மூன்று மணிக்கு அணையும் பெட்டி

"அக்கா, நெட் போயிடுச்சா?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே மூத்தவள் டீயை வடிகட்டிக்கொண்டிருப்பாள்.

"போயிடுச்சு போலிருக்கே. உட்காரு. அந்தச் சனியன் வர்றப்ப வரட்டும்."

இருவரும் ஓரகத்திகள்; அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தவர்கள். நெட் பெட்டி கீழ்வீட்டு அலமாரியின் தலையில் இருந்தது. இளையவளுக்கு மாடியில் இருந்தபடியே வேலை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற கம்பெனிக்கு வரும் புகார்களுக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். காலை ஒன்பதுக்கு ஹெட்போனை மாட்டினால் ஆறு மணிக்குத்தான் காது வெளியே தெரியும்.

"இன்னிக்கு ஒருத்தர், ஃப்ரிட்ஜ் குளிரவே இல்லைன்னு அரை மணி நேரம் காய்ச்சி எடுத்துட்டார்க்கா. கடைசியில பாத்தா, பிளக்கே சொருகலை."

"அவர் பொண்டாட்டி பாவம்டி."

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் பெட்டியில் பச்சை விளக்கு வந்துவிடும். இளையவள் மிச்ச டீயோடு படியேறிவிடுவாள். அந்தக் கால் மணி நேரம் போனால், ராத்திரி கணவன் வரும்வரை மூத்தவளுக்குப் பேச சுவர்தான்.

முதல் தடவை நெட் தானாகத்தான் போனது. மறுநாள் மூன்று மணிக்கு அவள் கை ஸ்விட்சைத் தேடிப் போனது. அதற்கப்புறம் அணைப்பதும், டம்ளர் எடுக்கிற சாக்கில் திரும்பப் போடுவதும் பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் இளையவள் டீயைத் தொடவில்லை.

"இந்த மாசம் எட்டாவது தடவைக்கா. வேலை நேரத்துல லைன்ல இல்லைன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா அவ்வளவுதான்."

"ஐயோ, அப்படியா?" என்றாள் மூத்தவள். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் மழை. ஜன்னலைச் சாத்தினாள், மடித்த துணியையே மறுபடி மடித்தாள், படியடியில் நின்று இரண்டு முறை கூப்பிட்டும் பார்த்தாள். மேலே இருந்து யாரோ ஒருவருக்கு ஏதோ விளக்கும் குரல்தான் கேட்டது. அஞ்சே நிமிஷம், அதுக்குள்ள என்ன ஆகிடப் போகுது என்று ஸ்விட்சை அமுக்கினாள்.

அன்றோடு வேலை போயிற்று.

இளையவள் விடவில்லை. லைன்தான் கோளாறு என்று எழுதி வாங்கி அனுப்பினால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று லைன்காரரை வரவழைத்தாள். அவர் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"லைன் சுத்தமா இருக்கும்மா. மூணு மணி ஆனா பெட்டி அணையுது, கால் மணி கழிச்சு எரியுது. கரண்ட் இப்படிச் சொல்லி வெச்ச மாதிரியா போகும்? யாரோ ஸ்விட்சை அமுக்கறாங்க. கோளாறுன்னு நான் எப்படி எழுதித் தர்றது?"

இளையவள் அலமாரியைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். அதன் மேல் இரண்டு பேருக்கான டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"நீங்களாக்கா?"

"நீ கீழயே வர்றதில்லையேடி."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டேன். காதுல அதை மாட்டிக்கிட்டிருந்தே."

இளையவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. லைன்காரர் பக்கம் திரும்பி, "மாடிக்குத் தனி லைன் போட எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டே நாளில் புது வயர் கீழ்வீட்டு ஜன்னலை ஒட்டி மேலே ஏறியது. வேறு கம்பெனியில் வேலையும் கிடைத்தது, முன்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, ராத்திரி எட்டு மணிவரை. படியில் பார்த்தால், "சாப்பிட்டாச்சாக்கா?" என்று கேட்பாள். பதிலுக்கு நிற்கமாட்டாள்.

போன வாரம் மூன்று மணி சுமாருக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. மூத்தவள் தொட்டதனால் இல்லை, தானாகவே. அவசரமாக இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள். டீ ஆறி ஆடை படிந்தபிறகு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பாதிப் படிவரை ஏறினாள்.

மேலே பேட்டரி போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. குரல் தடங்கலில்லாமல் வந்தது.

"சொல்லுங்கம்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவசரமே இல்லை, நிதானமா சொல்லுங்க."

யாரோ ஒரு அம்மாவிடம். மூத்தவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.