குரூப் பாலிசி உள்ள மாப்பிள்ளை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை. ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் டப்பாவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுடையது. வண்டி குர்லா தாண்டியதும் அவளுக்கு ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில், ஹெல்த் இன்சூரன்ஸ் விற்கும் பெண் குரல். மேடம், மேடம் என்று தேனாக ஒழுகியது. உங்களுக்கு, உங்கள் குடும்பத்துக்கு, உங்கள் நிம்மதிக்கு என்று அடுக்கிக்கொண்டே போனது. இவள் ஹிந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: எனக்குச் சின்ன வயதிலிருந்தே சுகர், தினமும் இன்சுலின். அந்தக் குரல், இந்த நாள் இனிய நாளாகட்டும் என்று வாழ்த்திவிட்டு அணைந்தது. இவள் சிரித்தாள். திலக் நகரில் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பு மட்டும்தான் நிஜம். மீதியெல்லாம் நான் செய்தது.

2

தொடக்கங்கள்:

"தாராவியின் குறுகிய சந்துகளில் மாலை வெயில்..."

(வேண்டாம். தாராவி என்றால் சந்து, சாக்கடை என்று ஊர் உலகமே எழுதியாயிற்று. அங்கே இருக்கிறவர்களுக்குச் சந்து என்பது வழி, அவ்வளவுதான்.)

"மாட்டுங்காவில் ஷ்யாமளா என்றொரு பெண் இருந்தாள். அவளுக்குச் சுகர். அவள் அப்பா வங்கி அதிகாரி. அவள் பிறந்த வருடமே அவள் பெயரைக் குடும்பப் பாலிசியில்..."

(நாலு வரிக்குள் கதை முடிந்துவிட்டது. நன்றாக இருக்கட்டும் ஷ்யாமளா. அவளை வைத்து இதை எழுத முடியாது.)

ஆக, பூமாரி. தாராவி. பி.காம். வீட்டில் முதல் பட்டதாரி. செம்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. அங்கே மொத்தம் ஆறு பேர். ஊழியர் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் குரூப் பாலிசிக்கு ஏழு பேர் வேண்டுமாம். ஏழாவது ஆளை எடுக்கச் சொல்லி அவள் முதலாளியிடம் கேட்டாள். அவர் ஆறாவது ஆளையே யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். ஆறாவது ஆள் பூமாரி.

அவளுக்கு இருப்பது சுகர்.* போன மழைக்காலத்தில் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்து, சுகர் தாறுமாறாக ஏறி, ஐசியூவில் கிடந்தாள். அந்த பில்லோடு வீட்டில் இருந்த சேமிப்பு முடிந்தது. அடுத்த காய்ச்சலுக்கு எதுவும் மிச்சமில்லை. அதனால் அவளுக்கு ஒரு பாலிசி வேண்டும். இந்தக் கதையில் வேறு எதுவும் யாருக்கும் வேண்டாம்.

* இனிப்பு தின்று வந்த சுகர் இல்லை. உடம்பு இன்சுலினே சுரக்காத வகை. இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்துவிட்டது. கதையிலும் அவளையே சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை.

3

பூமாரியின் அம்மா விஜயலட்சுமி செய்த தவறு ஒன்றுதான்: பாலிசி எடுக்க கணேசபாண்டியன் மாமாவைக் கூப்பிட்டது. வேறு யாரைக் கூப்பிடுவாள்? எங்கள் ஆட்களுக்கு இன்சூரன்ஸைச் சொந்தக்காரன் வந்து சொல்ல வேண்டும். வெளியாள் சொன்னால் அது மோசடி. ஆனால் மாமா ஏஜென்ட் மட்டும் இல்லை. தாராவியிலிருந்து அம்பர்நாத் வரை எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் பேசி முடிப்பதும் அவர்தான். ஒரே பையில் ஒரு பக்கம் பாலிசி, மறுபக்கம் ஜாதகம். ஏஜென்டிடம் நோயை மறைத்தால் நாளைக்கு கிளெய்ம் வராது. தரகரிடம் நோயைச் சொன்னால் நாளைக்கு மாப்பிள்ளை வராது. ஆள் ஒன்று, காதும் அதே காது.

மாமா போனைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டார். இதயம் உண்டா, கிட்னி உண்டா என்கிற மாதிரி. கேள்வி முடிவதற்குள் அம்மா இல்லை என்றாள். இதயமே இல்லை என்று பதிவாகிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. சுகர் என்றதும் இன்னும் உரக்க இல்லை என்றாள்.

"இருக்கு மாமா," என்றாள் பூமாரி. "பத்தாங்கிளாஸ்ல இருந்து. இன்சுலின் போடுதேன்."

"அவ சும்மா வெளையாடுதா அண்ணாச்சி."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்து அவர் செய்ததை எழுதுகிற நானே எதிர்பார்க்கவில்லை. ஏஜென்டாகப் பதிலைக் குறித்துக்கொண்டார். தரகராகத் தன் காதில் எதுவும் விழவில்லை என்று அறிவித்தார்.

ஒரு கம்பெனி வருத்தம் தெரிவித்தது. இன்னொன்று வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. மூன்றாவது தருகிறேன் என்றது. வருட பிரீமியம் அவளுடைய மூன்று மாதச் சம்பளம். அதைக் கட்டினாலும் சுகரால் வரும் எதற்கும் மூன்று வருடம் வெயிட்டிங் பீரியட், அதாவது அதற்குள் வந்தால் பணம் கிடையாது. அதுவரைக்கும் கொஞ்சம் பொறு, ஏறிவிடாதே என்று அவள் சுகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

(இங்கே கம்பெனிகளைத் திட்டி ஒரு பத்தி இருந்தது. அச்சில் போடக்கூடியதாக அதில் மிஞ்சியது ஒரு 'மற்றும்' மட்டும்தான். எடுத்துவிட்டேன்.)

அப்போதுதான் மாமா பையின் மறுபக்கத்தைத் திறந்தார்.

"ஒனக்குப் பாலிசி கெடைக்காது தாயி. ஆனா பாலிசி உள்ள மாப்பிள்ள கெடைப்பான்."

பெரிய கம்பெனிகளில் குரூப் பாலிசி உண்டாம். மாமா மனதில் வைத்திருந்த மாப்பிள்ளை வேலை பார்க்கிற கம்பெனியில், பொண்டாட்டிக்கு எந்த நோய் இருந்தாலும் முதல் நாளிலிருந்தே செல்லுமாம். ரத்தம் எடுத்துப் பார்க்க மாட்டார்களாம். தாலி இருந்தால் போதும்.

இந்த இடத்தில் பூமாரிக்கு ஆத்திரம் பொங்கியது என்று எழுதினேன். அவளுக்குப் பொங்கவில்லை. காமர்ஸ் படித்தவள்.

"எந்தக் கம்பெனி மாமா?" என்றாள்.

4

பேச்சிராஜா, ஐரோலியில் சாஃப்ட்வேர். தன் அம்மா இசக்கியம்மாளோடு பெண் பார்க்க வந்தான். இவனை வில்லனாக்க எனக்கு ரொம்ப ஆசை. ஒத்துழைக்க மாட்டேன் என்கிறான். செருப்பைக்கூட ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

இருவரும் தனியாகப் பேசட்டும் என்று இரும்பு ஏணி ஏறி மேலறைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் மேலே மூச்சு விட்டால் கீழே கேட்கும். மகளைப் பற்றித் தெரிந்த விஜயலட்சுமி உடனே மிக்ஸியைப் போட்டாள். சட்னி என்றாள். ஜாருக்குள் ஒன்றும் இல்லை.

அந்த இரைச்சலில் பூமாரி கத்திக் கத்தித்தான் கேட்டாள். சம்பளத்தைக் கேட்கவில்லை, குடிப்பானா என்று கேட்கவில்லை. குரூப் பாலிசியில் ஒய்ஃபுக்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றான், ஏன் என்றான். சொன்னாள்.

"அவ்ளோதானா? மேரேஜ் சர்டிஃபிகேட் வந்ததும் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டாப் போதும்."

பூமாரிக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. ஐசியூ வாசலில் யார் யாருக்கோ போன் பண்ணிக்கொண்டு நின்ற அப்பாவின் முதுகை இனிமேல் பார்க்க வேண்டாம். ஒரு மெயில் போதும். நானும் பேனாவைக் கீழே வைக்கலாம் என்றிருந்தேன்.

"அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்," என்றான். "ஊசிய பாத்ரூம்ல வச்சுப் போட்டுக்கோங்க. ஃப்ரிட்ஜ்ல மருந்தப் பாத்தா என்னோடதுன்னு சொல்லிக்கிடுதேன்."

"எவ்ளோ நாளைக்கு?"

"அம்மா இருக்கிற வரைக்கும்தான்."

கனிவாகத்தான் சொன்னான். பெரிய விட்டுக்கொடுப்பு என்றே நினைத்திருப்பான். பூமாரி மிக்ஸிக்கு மேலே கேட்கும்படி மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். சூடேறிப்போன மிக்ஸி அந்த நேரம் பார்த்துத் தானாக நின்றது.

"அப்போ ஒங்கம்மா சாவுறதுதான் எனக்கு வெயிட்டிங் பீரியடா?"

கீழே மாமாவின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. விஜயலட்சுமி சுவிட்சை மறுபடி மறுபடி தட்டினாள், மிக்ஸி அசையவில்லை.

"யாருட்டி சாவணும்?" என்ற இசக்கியம்மாளின் குரல் ஏணி வழியாக மேலே வந்தது.

5

முடிவுகள்:

(அ) இசக்கியம்மாள் மேலே வந்து பூமாரியைக் கட்டிக்கொண்டு, எனக்கும் சுகர்தான் தாயி என்கிறாள். பொய். அறுபது வயதில் வரும் சுகர் எங்கள் பக்கத்தில் ஒரு கௌரவம். டீயில் சீனி வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொல்லலாம். இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு இருந்தால்தான் அது நோய்.

(ஆ) பூமாரி விறுவிறுவென்று இறங்கி வெளியே போகிறாள். பெரிய கம்பெனியில் தானே வேலை வாங்கி, தானே குரூப் பாலிசி பெற்று... எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. அவள் விண்ணப்பம் போடாமலா இருந்தாள்?

(இ) "ஒண்ணுமில்ல அத்தை, சும்மா சினிமாக் கதை பேசிக்கிட்டிருந்தோம்" என்கிறாள். கல்யாணம் நடக்கிறது. பாலிசியும் வருகிறது. பிறகு ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால், பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு...

இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. உயிரோடு இருப்பாள் அல்லவா?

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: குரூப் பாலிசி உள்ளவர்கள் யாரும் அவளுக்குத் தைரியம் சொல்ல வரக் கூடாது. மற்றவர்கள் கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள். இசக்கியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டாள்.