ரிமோட்டை அணைத்த பிறகு

புதன்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, கடலூர் முதுநகரில் இருக்கும் தன் மோட்டார் ரீவைண்டிங் கடையில், ஜெபஸ்டின் அந்த ரிமோட்டை அணைத்தான். அணைத்த மறுநொடி, மேசை மேல் மரக்கட்டையில் ஏற்றி வைத்திருந்த ரிமோட் வண்டியின் நான்கு சக்கரங்களும் ஒன்றாக அலறின.

ஒவ்வொரு டயரும் ஒரு பறங்கிக்காய் பருமன். சுற்றுகிற வேகத்தில் டயர்கள் விரிந்து விளிம்புகள் கத்தியாக மெலிந்தன. மேசை அதிர்ந்து, செம்புக் கம்பிச் சுருள் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. ஜெபஸ்டின் பாய்ந்து பேட்டரி பிளக்கைப் பிடுங்கினான். அதன் பிறகும் சக்கரங்கள் கொஞ்ச நேரம் சுற்றித்தான் ஓய்ந்தன.

ஐஸ் கம்பெனி பம்பு மோட்டாரை எடுத்துப்போக வந்திருந்த தேவனாம்பட்டினத்து பக்கிரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடா இது, போட்டா சும்மா கெடக்குது, அணைச்சா ஓடுது? எங்க வூட்டுக்காரி மாதிரியில்ல இருக்கு. பேசாதன்னாதான் பேசுவா."

ஜெபஸ்டின் சிரிக்கவில்லை. பக்கிரியின் மோட்டாரை ஓட்டிக் காட்டி, எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று அம்புக்குறி போட்ட அட்டையைக் கட்டி, வண்டியில் ஏற்றிவிட்டான். பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அக்காவின் காலை முறித்தது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வண்டி அவனுடைய அக்கா புருஷன் அன்பரசுவினுடையது. சிதம்பரம்–கடலூர் தடத்தில் தனியார் பஸ் ஓட்டுகிறவர். பதினாலு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறார், ஒரு கோழிகூட அடிபட்டதில்லை. போன வருஷம் புதுச்சேரியில் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக இதை வாங்கி வந்தார். ரிமோட்டில் ஓடுகிற மான்ஸ்டர் டிரக். பதினேழு கிலோ கனம், பெட்ரோல் எஞ்சின். யானைக்குட்டி என்று பேர் வைத்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "பகலெல்லாம் பெரிய வண்டி, சாயங்காலமானா சின்ன வண்டி. எனக்கு எப்ப டைம் டேபிள்?" என்று அக்கா ஆரோக்கிய ஜெனிபர் கேட்டாள்.

எஞ்சின் அடிக்கடி கிளம்ப மறுத்தது. "மச்சான், இத பேட்டரிக்கு மாத்திக் குடு. ஒன் கையில குடுத்தா மாட்டு வண்டியகூட கரண்டுல ஓட்டிடுவ" என்று அன்பரசு அதைக் கடலூருக்குக் கொண்டுவந்தார். ஜெபஸ்டின் இரண்டு மாதம் அதிலேயே கிடந்தான். எஞ்சினைக் கழற்றிவிட்டு சோடா பாட்டில் அளவு மோட்டார் போட்டான். அதன் பலத்தைப் பழைய பல்சக்கரம் தாங்காதென்று எஃகில் மாற்றினான். சக்கரத்தைப் பிடிக்கும் கைகளை அலுமினியத்தில் போட்டான். கனம் கூடியதால் ஷாக் அப்சார்பரில் கெட்டி எண்ணெய் ஊற்றினான். கடைசியாகப் புது ரிமோட்டும், வண்டிக்குள்ளே அதன் சிக்னலை வாங்கும் ரிசீவரும் மாட்டினான். ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு நோட்டில் எழுதினான்.

அந்த ரிசீவரில் ஒரு வசதி உண்டு. ரிமோட்டின் சிக்னல் எப்போதாவது அறுந்துபோனால் வண்டி என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். ஜெபஸ்டின் ரிமோட்டின் டிரிகரை, இழுத்தால் ஓட்டம் தள்ளினால் பிரேக் என்கிற அந்த விசையை, பிரேக் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பதிந்தான். சிக்னல் போனால் பிரேக். அது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மோட்டாரை இணைத்து டிரிகரை இழுத்தால், சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. ரிமோட்டிலேயே திசையைத் தலைகீழாக்க ஒரு பொத்தான் இருந்தது. தட்டினான். முன்பக்கம் ஓடியது. சந்தோஷத்தில் விசிலடித்தான்.

ஆனால் ரிசீவருக்குள் வெள்ளிக்கிழமையின் பிரேக் பழைய திசையிலேயே பதிந்து கிடந்தது. பொத்தானைத் தட்டியதும் அதுவே முழு ஓட்டமாக மாறிவிட்டது. மறுபடியும் பதிந்திருக்கவேண்டும். பதியவில்லை. ரிமோட்டை ஒரு தடவை அணைத்துப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். அதையும் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷமாக அவன் கடையிலிருந்து போகிற மோட்டாரெல்லாம் ஓடுகிறதா, சரியான பக்கம் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் போகும். நிற்கிறதா என்று அவன் எந்த மோட்டாரையும் பார்த்ததில்லை. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். அதை என்னவென்று சோதிப்பது?

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்துக்கு வெளியே வீட்டு மனை போட்டு விற்கிற காலி இடத்தில் அன்பரசு வண்டியை ஓட்டினார். அக்கா செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நேர்கோட்டில் அவளைப் பார்த்துப் பாய்ந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டி கவிழ்ந்து பேட்டரி பிளக் கழன்ற பிறகுதான் அடங்கியது. அன்பரசு ரிமோட்டை வீசியெறிந்துவிட்டு ஓடினார். அந்த ரிமோட்டில் பேட்டரி செல் தளர்ந்திருந்ததா, விளக்கு எரிந்ததா என்றெல்லாம் யார் பார்த்தார்கள்?

ஜெபஸ்டின் கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அன்பரசு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் டிரிகர வுட்டுட்டேன் மச்சான். சத்தியமா வுட்டுட்டேன். வுட்டப்புறமும் ஓடுச்சி."

ஜெபஸ்டின் அத்தனை பேர் முன்னால் சொன்னான்: "அதெப்பிடி மாமா ஓடும்? வுட்டா நிக்கும். சிக்னலே போனாலும் பிரேக் புடிக்கும். நானே செட் பண்ணியிருக்கேன்."

அவனுடைய பெரியப்பா மரியலூர்து "அப்ப மாப்ள கைதான்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அன்பரசு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நான்காம் நாள் அவர் பஸ்ஸை எடுத்தார். சிதம்பரம் வண்டிகேட் முனையில் திரும்பும்போது ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. சரியாகத்தான் பிரேக் போட்டார், யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸை நகர்த்த அவரால் முடியவில்லை. கண்டக்டர் பஸ் கம்பெனிக்குப் போன் பண்ணி வேறு டிரைவரை வரவழைத்தார். அன்றிலிருந்து அன்பரசு லீவில் இருந்தார். யானைக்குட்டியை எடுத்துப்போய் யாருக்காவது தள்ளிவிடு என்று ஜெபஸ்டினிடம் கொடுத்தனுப்பினார். அப்படித்தான் அது திரும்பக் கடை மேசைக்கு வந்தது. விற்பதற்கு முன் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதன்கிழமை அவன் ரிமோட்டை அணைத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபஸ்டின் செய்த காரியம் இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. பிரேக்கை மறுபடி சரியாகப் பதிந்தான். ரிமோட்டை அணைத்தான். சக்கரங்கள் அசையவில்லை. இனி யார் வந்து பார்த்தாலும் அவன் ஆஸ்பத்திரியில் சொன்னது உண்மை. நோட்டில் மட்டும் அந்த வேலையை அவன் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா போன் பண்ணினாள்.

"திங்கக்கெழமக்குள்ள வேலைக்கி வரலன்னா வேற ஆள போட்டுடுவாங்களாம்டா. இவரு செவுத்த பாத்துக்கினு ஒக்காந்திருக்காரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன். ஒன் பேச்சுன்னா கேப்பாரு."

"சொல்றேன்க்கா."

"இன்னா சொல்லுவ?"

"வந்து சொல்றேன். ஞாயித்துக்கெழம வரேன்."

சனிக்கிழமை மத்தியானம் அவன் மறுபடி ரிமோட்டை எடுத்தான். சரியாக இருந்ததைக் கெடுத்து, பழைய தப்பை அப்படியே திரும்பப் பதிந்தான். வெறும் வாயால் சொன்னால், தன்னைத் தேற்றுவதற்காக மச்சான் பொய் சொல்கிறான் என்றுதான் மாமா நினைப்பார். அவர் கண்ணால் பார்க்கவேண்டும்.

ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்ததும் வண்டியைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். சிதம்பரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனபோது அன்பரசு பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சாக்கைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இத எதுக்குடா இங்க கொண்டாந்த? ஒங்கக்கா பாத்தா இன்னா ஆவும்?"

"அக்கா உள்ளதான இருக்கு. ஒரு நிமிஷம் பாரு மாமா."

துவைக்கிற கல்லின் மேல் கட்டை வைத்து, சக்கரம் எதிலும் படாமல் வண்டியை ஏற்றினான். ரிமோட்டைப் போட்டான், பேட்டரியைச் செருகினான். டிரிகரை லேசாக இழுத்தான், சக்கரம் சுற்றியது. விட்டான், நின்றது. பிறகு ரிமோட்டை அன்பரசுவிடம் நீட்டினான்.

"நான் தொட மாட்டேன்."

"டிரிகர தொட வேணாம் மாமா. அணை. அவ்ளோதான்."

அன்பரசு ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினார். சக்கரங்கள் அலறின. கல்லோரத்து வாளி அதிர்ந்து கவிழ்ந்து தண்ணீர் ஓடியது. அன்பரசு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். ஜெபஸ்டின் பிளக்கைப் பிடுங்கினான்.

"இன்னாடா அங்க சத்தம்?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அன்பரசு. பிறகு ஜெபஸ்டினைப் பார்த்தார்.

"சிக்னல் போனா பிரேக்குன்னு பதிஞ்சேன் மாமா. அப்புறம் தெசைய மாத்துனேன். மாத்துனப்ப திரும்பப் பதியல. அன்னைக்கி ரிமோட்டு செல்லு தளந்திருக்கும், இல்லன்னா ஒரு செகண்டு சிக்னல் போயிருக்கும். அது தானா ஓடுச்சி. நீ வுட்டுட்டதான் மாமா. ஒன் கை ஒண்ணும் பண்ணல."

அன்பரசு குனிந்து வாளியை நிமிர்த்தினார்.

"அன்னைக்கி இருந்தது அப்பிடியேவா இருக்கு இது?"

இந்தக் கேள்வியை ஜெபஸ்டின் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றான். "புதன்கெழம பாத்தேன். அன்னைக்கே சரி பண்ணிட்டேன். நேத்து திரும்ப பழையபடி வச்சேன், ஒனக்குக் காட்டறதுக்கு."

"புதன்கெழம."

"ஆமா."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம."

ஜெபஸ்டின் வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கிச் சாக்கில் வைத்தான்.

"நேத்து சாயங்காலம் மேனேஜரப் பாத்து எழுதிக் குடுத்துட்டு வந்தேன்டா. என்னால இனிமே முடியாதுன்னு. ஒங்கக்காவுக்குத் தெரியாது. திங்கக்கெழம வரைக்கும் டைம் இருக்குன்னுதான் அவ நெனச்சிக்கினு இருக்கா." அவர் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வெள்ளிக்கெழம சொல்லியிருந்தாக்கூட நான் போயிருக்க மாட்டேன்."

"நான் வந்து பேசறேன் மாமா. மேனேஜர்கிட்ட நானே..."

"இன்னான்னு? டிரைவர் மச்சான் பொம்ம வண்டிய தப்பா ரிப்பேர் பண்ணிட்டான்னா? அவன் சிரிப்பான்டா." துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். "நானே போயி கேக்கறேன். குடுத்தா ஓட்டுவேன். அது என் பாடு. நீ அந்த ஒம்போது பேருகிட்டயும் போ. அன்னைக்கி எல்லார் முன்னாடியும்தான சொன்ன? ஒவ்வொருத்தர் வூட்டுக்கும் போயி சொல்லு. போன்ல சொல்லாத."

"சரி மாமா."

"மொதல்ல உள்ள போ."

அக்கா கட்டிலில் காலை நீட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். பின்கட்டில் பேசியது பாதி அவளுக்குக் கேட்டிருந்தது. அவன் முழுவதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை பதிந்தது, சனிக்கிழமை மாற்றியது, புதன்கிழமை கண்டுபிடித்தது, மறைத்தது. கால் முறிந்ததற்கு அவள் அவனைத் திட்டவில்லை.

"மூணு வாரமா அவரு காப்பி கொண்டாந்து குடுக்கறப்பல்லாம் கையத்தான்டா பாத்தேன்" என்றாள் கடைசியில். "நடுங்குதா, நடுங்குதான்னு. நான் பாக்கறத அவரும் பாத்தாரு. அதுலதான் நெசமாவே நடுங்க ஆரமிச்சிது." சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போ. பெரியப்பா கோயில்லேர்ந்து வந்திருப்பாரு."

அவள் அழுகிறாளா என்று பார்க்க அவன் நிற்கவில்லை.

பெரியப்பா வீடு இரண்டு தெரு தள்ளி. மரியலூர்து ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாடா ஜெபஸ்டின், ஒக்காரு. மத்தியானம் மீன் கொழம்பு, சாப்ட்டுட்டுதான் போவணும். இன்னா, மாப்ள எப்பிடி இருக்காரு? பாவம், நல்ல மனுஷன். அந்த ஒரு செகண்டு கை..."

"ஒக்கார வரல பெரிப்பா" என்றான் ஜெபஸ்டின். "பேப்பர கீழ வையிங்க. பெரியம்மாவயும் கூப்புடுங்க."