ஆல்பனிடம் சொன்ன நட்சத்திரம்

லண்டனில் ஒரு சம்பந்தம் பேச இடமில்லை. டூட்டிங் கோயிலில் பேசினால் மாலைக்குள் நகரத்தின் மறுகோடி ஈஸ்ட் ஹாம் தமிழருக்குச் செய்தி போய்விடும். சாப்பாட்டுக் கடை இன்னும் மோசம். அதனால் 2009 ஒக்டோபரில், என் மகள் ஆரணியின் யோசனைப்படி, இரண்டு குடும்பமும் ரயிலேறி செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயத்துக்குப் போனோம். அங்கே தமிழன் எவன் வரப்போகிறான்?

மாப்பிள்ளை சிவதர்ஷன் தங்கமானவன். ஆரணிக்கும் பிடித்துப்போயிற்று. அவன் தாய் சிவகௌரியும் நல்ல மனுஷி. வில்லங்கம் என் மனைவி யோகமலரால் வந்தது. ஆரணியின் நட்சத்திரம் ஆயிலியம். ஆயிலியப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். யோகமலர் யாரையோ பிடித்துச் சாதகத்தில் அதைப் பூசமாக்கி அனுப்பிவிட்டாள். இது வெளியே வந்தால் கலியாணம் நின்றுவிடும்.

வழிகாட்ட வந்த வெள்ளைக்கார அம்மா, இடிந்த ரோமர் நகரத்துச் செங்கல்லை அள்ளிவந்து கோபுரம் கட்டியதைச் சொன்னார். பழைய அரசன் ஒருவன் காலத்தில் உடைத்த, அந்த ஊருக்குப் பெயர் தந்த புனிதர் ஆல்பனின் சமாதியை முந்நூறு வருடம் கழித்து இரண்டாயிரம் துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டினார்களாம். யோகமலர் கொட்டாவி விட்டாள். ஆல்பனின் தலையை வெட்டியவனுக்குக் கண் இரண்டும் அங்கேயே கழன்று விழுந்தன என்றதும் கொட்டாவி பாதியில் நின்றது.

"இஞ்சருங்கோ, இது துடியான சாமி."

சமாதியருகே வேண்டுதல் எழுதிப்போட ஒரு பெட்டி இருந்தது. சிவகௌரி ஏதோ எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

"கலியாணம் நடக்கோணும் எண்டு எழுதுங்கோ. பேரும் நட்சத்திரமும் போடுங்கோ," என்று யோகமலர் என் காதைக் கடித்தாள்.

"எந்த நட்சத்திரம்?"

"உங்களுக்கென்ன விசரே? சாமிக்குப் பொய் எழுதேலுமே? ஆயிலியம்!"

ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பாதிரியார் வந்து பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் உரத்து வாசிப்பார் என்று எனக்கு யார் சொன்னது?

"ஆரணி ஆயிலியம். கலியாணம் நடக்க வேண்டும்," என்றார், நட்சத்திரத்தைக் குடும்பப் பெயராக நினைத்து.

என் பிள்ளையின் வாழ்க்கையை என் கையெழுத்தாலேயே கெடுத்துவிட்டேன். சிவகௌரி அசையவில்லை.

பாதிரியார் அடுத்த துண்டை எடுத்தார். "சிவதர்ஷன் சித்திரை. ஆரணி ஆயிலியம். கலியாணம் நடக்க வேண்டும்."

யோகமலர் திடுக்கிட்டுச் சிவகௌரி பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமே?"

"பிள்ளை போன மாசமே என்னட்டைச் சொல்லிப்போட்டாள்," என்றார் சிவகௌரி. "நான் எப்பவோ ஒருநாள் சாகத்தானே போறன். பொய் சொல்லாத மருமகள் கிடைக்கிறது கஷ்டம். தாய்தான் எப்ப சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

யோகமலர் தன் இரண்டு கண்களையும் மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.