அரைப் பேர்

நாகலெட்சுமிக்குப் பொய் சொல்ல வராது. வராததை அறுபத்தோரு வயதில் கற்றுக்கொள்ளச் சொல்லி, லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் மீனம்மா மூன்று நாளாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"பட்டியல் எழுத வர்றவருகிட்ட மூணு பேருன்னு சொல்லுங்க அக்கா. மகளும் பேரனும் இங்கதான் இருக்காங்கன்னு சொல்லுங்க. ஒத்தை ஆளுன்னா புது வீடு கடேசியிலதான் கெடைக்குமாம்."

வீடு வேண்டும்தான். போன வருஷ மழையில் லயத்தின் பின்சுவர் வெடித்து, இப்போது விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. மழை பெய்கிற நாளெல்லாம் அவளுக்குத் தூக்கமில்லை. பொகவந்தலாவையில் மழை பெய்யாத நாள் எது?

முதல் நாளே கொழும்பிலிருக்கும் மகள் சர்மிளாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "ஒம் பேரையும் எழுதிக்கட்டுமாம்மா?"

"வேணாம்மா. எங்க பேரை இங்க பதிஞ்சாச்சு. அங்கயும் இருந்தா பிரச்சினையாயிரும்."

எப்போது வருவாய் என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டதாம், வைத்துவிட்டாள். அப்பன் சாவுக்கு வந்து மறுநாளே போனதைத் தவிர்த்தால், அவள் வந்து இரண்டு வருஷமாகிறது.

இந்தப் பேர் இருக்கிறதே, இரண்டே எழுத்துதான், ஆனால் பொல்லாத சொல். ஆளைக் கூப்பிடுவதும் பேர், ஆளை எண்ணுவதும் பேர். தேயிலைத் தோட்டத்திலோ ஒரு நாள் வேலைக்கும் பேர் என்றே பேர். கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர் போடுவார், அரை நாள் சம்பளம்தான். வேலையிலிருந்து நின்றால், உயிரோடு இருக்கிற ஆளைப் பார்த்துப் பேர் வெட்டியாச்சு என்பார்கள். நாகலெட்சுமிக்குப் பேர் வெட்டி மூன்று வருஷம். முப்பத்தெட்டு வருஷம் காலைப் பெரட்டில், வேலைக்கு முன் வரிசையில் நிறுத்தி, அவள் பேரைக் கூப்பிட்டதோடு சரி. புருஷன் மாயாண்டி இருந்தவரை "இந்தா புள்ள" என்பான். இந்தத் தை மாதம் அவன் போய்ச் சேர்ந்தான், அதுவும் போயிற்று.

பட்டியல் எழுத வந்த உத்தியோகத்தர் குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்டூலில் உட்கார்ந்து, நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வீட்டில எத்தினை பேர் அம்மா?"

வாசலில் நின்ற மீனம்மா அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று விரலைக் காட்டினாள். தரையில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமி அடுப்போரம் பார்த்தாள். பழக்க தோஷத்தில் காலையில் ஊற்றி வைத்த இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

"அரைப் பேருங்க."

அவர் சிரித்துவிட்டார். "அரை ஆளை எப்பிடி எழுதுறது?"

"நெறை காணாட்டி அரைப் பேருதானுங்க போடுவாங்க. எந்திரிக்கிறேன், ஆக்குறேன், படுக்குறேன். நாளு முழுசாத்தான் போகுது. பேச ஆளில்லீங்க. முழுப் பேருன்னு எப்படிச் சொல்றது?"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. பேனாவை மூடித் திறந்தார்.

"பேர் எண்டா பெயர்தானே அம்மா. இடம்பெயருறதுக்கும் அதே எழுத்துத்தான். சண்டைக்குள்ள நாங்கள் ஐஞ்சு தரம் பெயர்ந்தனாங்கள். கடைசியில வீட்டில மிஞ்சினது எங்கட அம்மா ஒராள்தான்." பட்டியலுக்குத் திரும்பினார். "பிள்ளையள் இல்லையோ?"

"மக இருக்காளுங்க. கொழும்புல."

"வந்து போறவவோ? அப்பிடியெண்டா பேரைச் சேர்க்கலாம். ஒராள் எண்டு எழுதினா வீடு பிந்தும்."

மீனம்மா தலையைத் தலையை ஆட்டினாள். நாகலெட்சுமி சுவர் வெடிப்பைப் பார்த்தாள். ஒரே ஒரு ஆமாம் போதும்.

"வராதவங்களுக்குப் பேர் போடக் கூடாதுங்க சார்," என்றாள். "ஒண்ணுன்னே எழுதுங்க."

மீனம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். குகநேசன் எழுதினார். எழுதியதைச் சரிபார்க்கத் தாளைத் தூக்கிப் பிடித்து, சத்தமாக வாசித்தார்.

"நாகலெட்சுமி."

அவள் சட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள்.

"இருக்கேங்க," என்றாள்.